தையில் அறுத்து வைகாசிக்குள் கட்டி வைப்பது: ஒரு வீட்டுக்கு ஓராண்டுச் சாமான் சேமிக்கும் வழிகாட்டி

ஐப்பசி அடைமழையில் பானையைத் திறந்தால் உளுந்தில் வண்டு, மிளகாயில் பூசணம். பழி மழை மேல் விழும். ஆனால் அந்த உளுந்து கெட்டது பங்குனியிலேயே. இன்னும் ஒரு நாள் வெயில் வேண்டியிருந்ததை, போதும் என்று அள்ளிக் கட்டியபோதே அது கெட்டுவிட்டது. நெல், பயறு, மிளகாய், புளி, வத்தல் எதுவானாலும் எவ்வளவு காய்ந்தது, எந்தச் சூட்டில் கட்டினோம், எதில் வைத்தோம் என்பதுதான் கணக்கு. மருந்து, இலை, சாம்பல் எல்லாம் அதற்கப்புறம்தான்.

இங்கே சொல்வது காவிரி டெல்டாவையும் அதை ஒட்டிய மானாவாரிப் பகுதியையும் மனத்தில் வைத்து, சொந்த நிலமும் களமும் மொட்டைமாடியும் உள்ள நான்கு பேர் வீட்டுக்கான அளவுகள்.

எவ்வளவு வேண்டும்

இட்லி, தோசைக்கும் சேர்த்து நாளுக்கு ஒரு கிலோ அரிசி என்றால் வருடத்துக்கு 365 கிலோ. 100 கிலோ நெல் அரைத்தால் 65 முதல் 68 கிலோ அரிசி தேறும். ஆக 550 கிலோ நெல், 60 கிலோ மூட்டையில் ஒன்பதுக்குச் சற்று மேல். விதைநெல் இதில் சேராது. புளி நாளுக்கு 30 கிராம் போனால் 11 கிலோ. துவரம்பருப்பு 35, உளுந்து 25, மிளகாய் வற்றல் 8 கிலோ என்று வைத்துக்கொண்டு, முதல் வருடம் என்ன மிஞ்சியது, எது பற்றவில்லை என்று சுவரில் எழுதி வைத்தால் அடுத்த வருடக் கணக்கு தானே சரியாகிவிடும்.

வெயிலின் வரிசை

எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் காயப்போட இடமும் இருக்காது, கையும் இருக்காது. தை, மாசியில் சம்பா நெல்லும் துவரையும் வரும். மாசி, பங்குனியில் புளி, மிளகாய். நெல் தரிசில் விதைத்த உளுந்தும் பயறும் பங்குனியில் பிடுங்கும் பதத்துக்கு வரும். மார்கழிப் பட்டத்து நிலக்கடலை பங்குனி, சித்திரைக்கு. மாவடுவும் அப்போதுதான். வத்தல், வடகத்துக்குப் பங்குனி வெயிலுக்கு நிகர் இல்லை. மாசியில் இரவுப்பனி விழும், சித்திரையில் கோடைமழை திடீரென்று இறங்கும், வைகாசியில் மேல்காற்று மண்ணை வாரிப் போடும். அதனால் கூழ் வடகம்போல ஈரமாக ஊற்றுகிறவற்றைப் பங்குனியில் முடித்துக்கொண்டு, மோர் மிளகாய், சுண்டைக்காய்போல மண்ணைத் தட்டிவிடக்கூடியவற்றைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளலாம்.

நாள் ஒழுங்கும் இதையொட்டித்தான். காலை 9 மணிக்குத் தரையின் பனிஈரம் போன பிறகு விரிப்பது. மாலை 4 மணிக்கு, தரைச் சூடு இருக்கும்போதே அள்ளுவது. "இன்னும் கொஞ்சம் வெயில் இருக்கே" என்று 6 மணி வரை விட்டால் பகலில் போன ஈரத்தில் ஒரு பங்கு திரும்ப ஏறிவிடும்.

நெல்

கதிரில் நூற்றுக்கு 80 முதல் 85 மணி பழுத்து, அடிமணி நகத்தால் கிள்ள முடியாதபடி கெட்டியானால் அறுக்கலாம். அதற்கு 7 முதல் 10 நாள் முன்பே வயலில் தண்ணீரை வடித்துவிட வேண்டும். மெஷினில் அறுத்த நெல்லில் 20 முதல் 24 சதவீதம் ஈரம் இருக்கும். அதை அன்றைக்கே பரப்பியாக வேண்டும். குவியலாக ஓர் இரவு கிடந்தால் உள்ளே சூடேறும். கை விட்டுப் பார்த்தாலே தெரியும். அரைக்கும்போது அரிசி பழுப்பாக வருவதற்குக் காரணம் அந்த ஓர் இரவுதான்.

களத்தில் 3 முதல் 5 சென்டிமீட்டர் கனத்துக்குப் பரப்பி, அரை மணிக்கு ஒருமுறை காலால் கோடு இழுத்துத் துழாவ வேண்டும். மெல்லிசாகப் பரப்பினால் சீக்கிரம் காயும் என்று நினைத்துச் செய்யும் தவறுதான் நொய்க்குக் காரணம். வெளித்தோல் வேகமாகக் காய்ந்து உள்ளே ஈரம் நின்றால் மணி விரிசல் விடும், மில்லில் உடையும். கடுமையான நாளில் 12 மணி முதல் 2 மணி வரை கூட்டிக் குவித்து மூடிவிட்டு மறுபடி பரப்புவது நல்லது. குவியலில் கிடக்கும்போது உள் ஈரம் வெளியே வந்து சமப்படும்.

சாப்பாட்டு நெல்லுக்கு 13 முதல் 14 சதவீதம், விதைக்கு 12. ஈரமானி இல்லாமல் இதைக் கண்டுபிடிக்க இரண்டு வழி உண்டு.

ஒன்று எடைக்கணக்கு. கொள்முதல் நிலையத்திலோ கடையிலோ அறுத்த அன்று ஈரம் பார்த்துக்கொள்ளுங்கள். 22 சதவீதம் என்றால், 10 கிலோவைத் தனியாகத் துணியில் மற்ற நெல்லோடு அதே கனத்தில் காய வையுங்கள். அது 9 கிலோவாக வரும்போது ஈரம் 13 சதவீதம். மற்ற நெல்லும் அங்கேதான் இருக்கும்.

இன்னொன்று உப்புச் சோதனை. நன்றாகக் காய்ந்த கண்ணாடி பாட்டிலில் முக்கால் பங்கு நெல், மேலே இரண்டு மேசைக்கரண்டி காய்ந்த தூள் உப்பு. மூடிக் குலுக்கிக் கால் மணி நேரம் வைத்துவிட்டு மறுபடி குலுக்கினால், உப்பு கண்ணாடியில் ஒட்டினால் ஈரம் 15 சதவீதத்துக்கு மேல். ஒட்டாமல் உதிர்ந்தால் அதற்குக் கீழே. கல் உப்பில் இந்தச் சோதனை சரிவராது, அதிலேயே ஈரம் இருக்கும்.

காய்ந்ததும் சூட்டோடு கட்டக் கூடாது. அள்ளி நிழலில் கொட்டி, ராத்திரி ஆறவிட்டு விடியலில் பனி ஏறும் முன் கட்டினால் போதும். சூடாகத் தகர டிரம்மில் போட்டு மூடினால், இரவில் தகரம் குளிர்ந்து உள்பக்கம் வியர்க்கும். அந்தத் தண்ணீர் மேல் நான்கு விரல் நெல்லில் சொட்டி அங்கேதான் பூசணம் தொடங்கும்.

குதிர், பத்தாயம், டிரம், சாக்கு எதுவானாலும் தரையிலிருந்து அரை அடி உயரத்தில் கட்டை, சுவரிலிருந்து ஓர் அடி இடைவெளி. பழைய சாக்கை உதறி வெந்நீரில் முக்கி வெயிலில் காய வைக்காமல் புது நெல்லைப் போட்டால், போன வருட அந்துப்பூச்சியை நாமே குடிவைத்ததாகிவிடும். காய்ந்த வேப்பிலை, நொச்சி இலை ஊடே போடலாம். பச்சை இலை கூடவே கூடாது, அது ஈரத்தைத்தான் கொடுக்கும்.

ஒரேயடியாக அரைத்து அரிசியாக வைக்க வேண்டாம். உமி இருக்கும்வரை நெல்லுக்கு அதுவே உறை. அதிலும் கைக்குத்தல் அரிசி என்றால் தவிட்டு எண்ணெய் மூன்று வாரத்தில் காறத் தொடங்கும். மாதம் ஒருமுறை 45 கிலோ அரைத்தால் 30 கிலோ அரிசி, கணக்கு சரியாக வரும். பொங்கல் வைத்தது போக மீதிப் புது நெல்லை ஆடி வரை தொடாமல் இருந்தால், குழையாத சோறு கிடைக்கும். போன வருட நெல் அதுவரை ஓட வேண்டும். ஆகவே முதல் வருடம் மட்டும் ஐந்து மூட்டை கூடுதலாக வைக்க வேண்டியிருக்கும்.

உளுந்து, பயறு, துவரை

சேமிப்பில் அதிகம் தோற்பது இங்கேதான். பயறு வண்டு வீட்டில் வந்து ஏறுவதாக நினைக்கிறோம். அது வயலிலேயே காய்ந்த நெற்றின் மேல் முட்டையிட்டு, மணியோடு மணியாக வீட்டுக்கு வந்துவிடுகிறது. மணியின் தோலில் ஒட்டியிருக்கும் வெள்ளைப் புள்ளிதான் முட்டை. அந்தப் புள்ளி கண்ணில் பட்டால் காய வைப்பதைத் தள்ளிப் போடக் கூடாது.

ஈரம் 9 முதல் 10 சதவீதத்துக்கு இறங்க வேண்டும். உளுந்தைப் பல்லில் கடித்தால் நசுங்காமல் 'டக்'கென்று இரண்டாக உடைய வேண்டும். முழுப் பயறுக்குக் கடைசி நாள் வெயிலை இப்படிக் கொடுக்கலாம்: அடியில் கறுப்புத் தார்ப்பாய், அதன்மேல் இரண்டு விரல் கனத்துக்குப் பயறு, மேலே கண்ணாடிபோன்ற பாலித்தீன் தாள், ஓரத்தில் கல். 11 முதல் 3 மணி வரை. உள்ளே வெப்பம் 50 டிகிரியைத் தாண்டும், முட்டையும் புழுவும் மடியும். தாளை எடுத்து ஒரு மணி நேரம் திறந்த வெயிலில் ஆவி போகவிட்டு, நிழலில் ஆறவிட வேண்டும். விதைக்கு வைப்பதை இப்படி வாட்ட வேண்டாம், முளைப்பு குறையலாம்.

பிறகு எண்ணெய். ஒரு கிலோவுக்கு 5 மில்லி கடலை எண்ணெய் அல்லது விளக்கெண்ணெய், கையில் தேய்த்துப் பிசறினால் ஒவ்வொரு மணியும் மினுமினுக்க வேண்டும், சொட்டக் கூடாது. எண்ணெய்ப் படலம் முட்டையை மூச்சுத் திணற வைக்கும், புது முட்டையையும் ஒட்டவிடாது. விதைக்கு என்றால் வேப்பெண்ணெய். பானையில் போட்டு மேலே மூன்று விரல்கடைக்குச் சலித்த காய்ந்த மணல் போட்டால், உள்ளிருந்து வரும் வண்டு மேலே ஏறி முட்டையிட வழியில்லை.

அமாவாசை தோறும் பயறைக் காய வைப்பது பல ஊர்களில் வழக்கம். நிலாவுக்கும் வண்டுக்கும் என்ன தொடர்போ, மாதக் கணக்கு மட்டும் மிகச் சரி. கோடையில் பயறு வண்டு முட்டையிலிருந்து வண்டாக மூன்று, நான்கு வாரம்தான் ஆகிறது. மாதம் ஒரு வெயில் கொடுத்தால் ஒவ்வொரு தலைமுறையும் பெருகும் முன்பே அறுபடும். கோடையில் இரண்டு அமாவாசையைத் தவறவிட்டால் பாதிப் பயறு ஓட்டை.

துவரையைப் பருப்பாக உடைத்து வைப்பதே மேல், உடைத்த பருப்பில் பயறு வண்டு பெரும்பாலும் வளராது. செம்மண் கட்டும் முறை: 10 கிலோ துவரையை மாலையில் ஊறப்போட்டு விடியலில் வடிக்க வேண்டும். அரைக் கிலோ சலித்த செம்மண்ணைக் குழம்பாகக் கரைத்து அதில் பிசறி, சாக்கால் மூடிக் குவியலாக ஒரு நாள் வைக்க வேண்டும். பிறகு 3 அல்லது 4 நாள் காய்ச்சல். இரவில் மூடி வைப்பதும் பகலில் விரிப்பதுமாக. தோல் சுருங்கிப் பருப்பிலிருந்து விலகிவிடும். மண்ணைச் சலித்தெடுத்து, திருகையிலோ மில்லிலோ உடைத்துப் புடைத்தால் பருப்பு முழுசாக விழும். நன்றாகக் காயாமல் உடைத்தால் மாவாகும், தோல் பருப்பிலேயே ஒட்டி நிற்கும்.

ஒரு எச்சரிக்கை. கடையில் தானியத்துக்கு என்று கொடுக்கும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையை ஆள் படுக்கும் வீட்டில் ஒருபோதும் வைக்காதீர்கள். அது விடும் வாயு மூடிய அறையில் உயிரைக் கொல்லும். கிடங்குக்கானது அது, வீட்டுக்கானது அல்ல.

மிளகாயும் கடலையும்

பழுத்த மிளகாயைப் பறித்த கையோடு வெயிலில் போடாமல், இரண்டு நாள் நிழலில் குவித்துச் சாக்கால் மூடினால் அரைப்பழமும் சிவந்து நிறம் ஒன்றாகும். பிறகு காய வைக்கலாம். ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு (2023இல் புவிசார் குறியீடு பெற்றது) தோல் தடிமன், 10 முதல் 15 நாள் கேட்கும். நீள மிளகாய்க்கு அதைவிடக் குறைவு. 100 கிலோ பழத்துக்கு 25 முதல் 35 கிலோ வற்றல். வெறும் மண்தரை வேண்டாம், சிமெண்டுத் தளம் அல்லது தார்ப்பாய். மண்ணிலிருந்து ஏறும் பூசணம் விதைப் பக்கம் கறுத்து நிற்கும், கண்ணுக்குத் தெரியாத நஞ்சும் அதோடு வரும். பதம் கேட்டாலே தெரியும்: குலுக்கினால் விதை கலகலக்க வேண்டும், ஆனால் அழுத்தினால் தோல் நொறுங்கக் கூடாது. வெளுத்த சோடையைப் பொறுக்கிவிடுங்கள். தூளாக அரைப்பது மூன்று மாதத்துக்குப் போதுமானதை மட்டும். மில்லிலிருந்து வந்த தூளைத் தாளில் பரப்பி ஆற வைக்காமல் டப்பாவில் அடைத்தால் கட்டி தட்டும்.

நிலக்கடலையை ஓட்டோடுதான் வைக்க வேண்டும். ஈரம் 8 சதவீதம். குலுக்கினால் பருப்பு உருளும் சத்தம், இரண்டு விரலில் தேய்த்தால் தோல் உரிய வேண்டும். சுருங்கிய பருப்பும் பச்சைப் பூசணம் கண்ட பருப்பும் செக்குக்குக்கூடப் போகக் கூடாது. அந்தப் பூசண நஞ்சு செக்கெண்ணெயிலும் வரும், பிண்ணாக்கிலும் போகும். பிண்ணாக்கு தின்ற மாட்டின் பாலிலும் இறங்கும்.

புளி

உலுக்கிய பழத்தை இரண்டு, மூன்று நாள் காய வைத்தால் ஓடு தட்டியதும் கழன்றுவிடும். நாரை உருவி, அரிவாள்மணையிலோ சுத்தியலாலோ கொட்டை எடுத்து, சதையை மறுபடி ஒரு நாள் வெயிலில் போட வேண்டும். அந்த ஒரு நாளைத்தான் பலர் விடுகிறார்கள், பானைக்குள் புளி கசிவது அதனால்தான். ஒரு கிலோ சதைக்கு 50 முதல் 100 கிராம் கல் உப்பு. பழகிய மண்பானையில் ஓர் அடுக்கு புளி, ஒரு பிடி உப்பு என்று போட்டு, காய்ந்த கையால் காற்று இடுக்கு இல்லாமல் அமுக்கி, துணியால் வேடு கட்ட வேண்டும். அலுமினியம், இரும்பு, பித்தளை எதிலும் வைக்க வேண்டாம், புளிப்பு உலோகத்தை அரிக்கும். ஒரு வருடத்தில் கறுத்துவிடுவது கெட்டதற்கு அடையாளம் இல்லை, பழம்புளி அப்படித்தான். வெள்ளையாகப் படர்ந்தால், முதலில் அது உப்பா பூசணமா என்று பாருங்கள். உப்பு என்றால் நறநறவென்று இருக்கும், தண்ணீரில் கரையும்.

கூழ் வடகம்

ஒரு கிலோ பச்சரிசி, 6 லிட்டர் தண்ணீர், 45 கிராம் உப்பு, 75 கிராம் பச்சைமிளகாய் விழுது, இரண்டு மேசைக்கரண்டி சீரகம், கொஞ்சம் பெருங்காயம், 4 எலுமிச்சம்பழச் சாறு. அரிசியை இரவு ஊற வைத்து, ஒரு லிட்டர் தண்ணீரில் மைய அரைக்க வேண்டும். மீதி 5 லிட்டரை உப்பு, மிளகாய், பெருங்காயத்தோடு கொதிக்க விட்டு, ஒருவர் மாவை ஊற்ற ஒருவர் கிண்ட வேண்டும். தனியாக முயன்றால் கட்டி தட்டும். தணலில் 15 முதல் 20 நிமிடம். கூழ் கண்ணாடிபோல் மின்னி, ஈரக்கையால் தொட்டால் ஒட்டாமல் வரும்போது இறக்கலாம். எலுமிச்சைச் சாறும் சீரகமும் இறக்கிய பிறகுதான்.

உப்பு இப்போது நாக்குக்குக் குறைவாகத் தெரிய வேண்டும். ஆறு லிட்டர் தண்ணீரும் ஆவியாகப் போகப்போகிறது, உப்பு அப்படியே நிற்கும். சரியாக இருக்கிறதே என்று விட்டால் பொரித்ததும் கரிக்கும்.

நனைத்துப் பிழிந்த பழைய வேட்டியில் காலை 7 மணிக்குள் ஊற்றி முடித்தால் அன்றைய வெயில் முழுதும் கிடைக்கும். மறுநாள் துணியைத் திருப்பிப் பின்பக்கம் தண்ணீர் தெளித்து ஐந்து நிமிடம் கழித்து உரித்து, தட்டில் இன்னும் இரண்டு நாள். காக்காய்க்குப் பழைய குடையை விரித்து வைப்பதும் நாலைந்து மிளகாயைப் போடுவதும் முதல் நாள்தான் பலிக்கும். கொசுவலையைக் கட்டிவிடுவது உறுதி.

காயும்போதே வெடித்துத் தூளானால் கூழ் வேகவில்லை. எண்ணெயில் பொரியாமல் கல்லாகக் கிடந்தாலும் அதுதான். ஓரம் பொரிந்து நடு கடுக்கென்று நின்றால் காய்ச்சல் போதாது, மறுபடி ஒரு நாள் வெயில் வைத்தால் சரியாகும். முதல் நாளே மேகம் மூடி, மறுநாள் இளஞ்சிவப்பும் புளித்த வாடையும் தட்டினால் காப்பாற்ற முயல வேண்டாம், மாட்டுக்கும் போட வேண்டாம்.

மோர் மிளகாயும் மற்ற வத்தல்களும்

ஒரு கிலோ பச்சைமிளகாய்க்கு ஒன்றரை லிட்டர் கெட்டிப் புளித்த மோர், 110 கிராம் உப்பு. காம்போடு, நுனிப் பக்கம் மட்டும் கீறி இரண்டு நாள் ஊற வைக்க வேண்டும். பிறகு பகலில் மிளகாயை எடுத்து வெயிலில், மாலையில் திரும்ப அதே மோரில். மோரையும் பாத்திரத்தோடு வெயிலில் வைக்கலாம். நான்கைந்து நாளில் மோர் முழுதும் ஏறிவிடும். அதற்கப்புறம் சலசலக்கும்வரை தனிக் காய்ச்சல். கடைசியில் கால் கிலோவைச் சுற்றி நிற்கும். புளிக்காத மோரில் செய்தால் நாலாம் நாள் வாடை வரும். புளிப்பும் உப்பும் சேர்ந்துதான் காயும்வரை காக்கின்றன.

சுண்டைக்காயை ஒருமுறை தட்டி, தண்ணீரில் அலசி விதை கொஞ்சம் போனால் கசப்பு மட்டுப்படும், மீதி இதே முறை. கொத்தவரையை உப்புத் தண்ணீரில் அரைவேக்காடு வேக வைத்தால் நிறம் நிற்கும், நார் தெரியாது. வெண்டைக்காயை வேக வைக்காமல் வட்டமாக அரிந்து அப்படியே போடுங்கள், வழவழப்பு வெயிலில் போய்விடும்.

மாவடு

காம்போடு கிள்ளிய கெட்டி வடு ஒரு கிலோவுக்குக் கல் உப்பு 200 கிராம். கழுவித் துடைத்து ஈரம் காய்ந்ததும், இரண்டு மேசைக்கரண்டி விளக்கெண்ணெய் பிசறி, உப்போடு அடுக்கடுக்காக ஜாடியில். தினம் இரண்டு முறை குலுக்க, ஐந்து நாளில் சுருங்கித் தண்ணீர் விடும். அந்தத் தண்ணீரிலேயே 60 கிராம் மிளகாய், 25 கிராம் கடுகு, மஞ்சள் அரைத்துத் திரும்ப ஊற்றி மூன்று வாரம். வடு முழுதும் நீருக்குள் மூழ்கியிருக்க வேண்டும், மேலே நிற்பதுதான் முதலில் அழுகும். உப்பைக் குறைத்து உடம்புக்கு நல்லது செய்யலாம் என்றால் அது குளிர்பெட்டிக்கான வடு, ஜாடிக்கானதல்ல. அதேபோல் புளிப்பு எதுவும் சேர்க்காமல் பூண்டை வெறும் எண்ணெயில் ஊறப்போட்டு அலமாரியில் வைப்பதைத் தவிருங்கள். காற்றுப் புகாத இடத்தில் வளரும் நச்சுக் கிருமிக்கு அது வசதியான இடம்.

மழைக்கு முன்னும் மழையிலும்

ஒவ்வொரு பானையிலும் சுண்ணாம்பால் பொருளும் மாதமும் எழுதிவிடுங்கள். தினப் புழக்கத்துக்கு 15 நாளுக்கானதைச் சின்ன டப்பாவில் எடுத்து வைத்துக்கொண்டால் பெரிய பானை மாதம் இரண்டு முறைதான் திறக்கும். புரட்டாசி முதல் பாதி வெயிலை நம்பலாம். அந்த இரண்டு வாரத்தில் மிளகாய், பயறு, வத்தல், வடகம் எல்லாவற்றுக்கும் ஒரு கடைசிக் காய்ச்சல் கொடுத்து, ஆறவிட்டு, மூடி விளிம்பில் துணி சுற்றிக் கட்ட வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் வெயில் அடித்தது என்று எதையும் வெளியே எடுக்காதீர்கள், அந்தக் காற்றிலேயே ஈரம் இருக்கும், உலர்வதைவிட வாங்குவது அதிகம். அந்த இரண்டு மாதத்தில் நமுத்துப்போன வத்தலை அடுப்பு மேட்டில், சோறு வடித்த சூட்டில் ஒரு மணி நேரம் வைத்தால் போதும். நமுத்த மிளகாயை வெறும் சட்டியில் வதக்கி ஆறிய பின் தனி டப்பாவில் போட்டு முதலில் செலவழியுங்கள், பழைய பானையில் திரும்பக் கொட்ட வேண்டாம்.